"இன்ட் காணும்" எண்டு சொல்லுற ஆக்களுக்கு

சி மொழி படிக்கத் தொடங்குகிற எவருக்கும் முதலில் கைக்குப் பழகுகிற சொல் இன்ட். எண்ணிக்கை வேணுமோ, இன்ட் போடு. நீளம் வேணுமோ, இன்ட் போடு. வயசு, புள்ளி, அறை இலக்கம் எல்லாம் இன்ட். பயிற்சிக் கணக்குகளுக்கு இது காணும், ஒருத்தருக்கும் நட்டமில்லை. அதே பழக்கத்தோட பணிசெயல் முறைமைப் பாடத்துக்குள்ள வந்து கேர்னல் நிரலில் கை வைக்கும்போதுதான் பிரச்சினை தொடங்குது. பஃபரின் அளவு இன்ட், கோப்பின் நீளம் அன்சைன்ட், திருப்பி அனுப்புகிற விடை இன்ட், இடையில எங்கயோ ஒரு லோங். ஏன் இப்பிடிக் கலந்து கிடக்குது எண்டு கேட்டால் வழக்கமான பதில் வரும்: "மச்சான், இன்ட் காணும். இருநூறு கோடிக்கு மேல எண்ணலாம். மிச்சத்தை கொம்பைலர் பாத்துக்கொள்ளும்."

கொம்பைலர் பாக்காது. பாக்கக்கூடாது எண்டுதான் சி மொழியின் விதியே எழுதப்பட்டிருக்கு.

என்னுடைய வாதம் இதுதான்: கேர்னலுக்குள் ஒரு அளவு எந்த வகையில் நுழைகிறதோ, அடிமட்ட ஃபங்ஷன் வரைக்கும் அதே வகையில்தான் போக வேணும். இடையில் வகை மாறினால், மாறுகிற இடம் கண்ணுக்குத் தெரிய வேணும், அங்கே ஒரு சோதனை இருக்க வேணும். இதை "எழுத்து நடை", "அவரவர் ரசனை" எண்டு ஒதுக்கிற ஆக்களோடதான் எனக்குச் சண்டை.

வகை சொல்லுகிற இரண்டு விசயம்

ஒரு நிறைவெண் வகை இரண்டு விசயத்தைச் சொல்லுது. எத்தனை பிட், மறைப் பெறுமானம் வருமா வராதா. இன்றைய கணினிகளில் இன்ட் என்றால் 32 பிட், மறை எண்ணும் வரும். அதன் எல்லை -2,147,483,648 இலிருந்து 2,147,483,647 வரை. அன்சைன்ட் இன்ட் என்றால் அதே 32 பிட், ஆனால் 0 இலிருந்து 4,294,967,295 வரை. பிட்டுகள் அதேதான், வாசிக்கிற விதம்தான் வேறு. ஒன்றில் மைனஸ் ஒன்றாகத் தெரிவது மற்றதில் நானூற்று இருபத்தொன்பது கோடியாகத் தெரியும்.

இந்த இரண்டையும் ஒரே வரியில் ஒப்பிட்டால் சி என்ன செய்யும்? சைன்ட்டை அன்சைன்ட்டாக மாற்றிப்போட்டு ஒப்பிடும். அதனால் "மைனஸ் ஒன்று, ஒன்றைவிடச் சிறியதா?" என்று கேட்டால், அந்த ஒன்று அன்சைன்ட்டாக இருந்தால், "இல்லை" என்றுதான் விடை வரும். நிரல் நிற்காது, பிழைச் செய்தி வராது, பிழையான விடையோட ஓடிக்கொண்டே இருக்கும்.

சாதாரண செயலி ஒன்றுக்குள் இது நடந்தால் அந்தச் செயலி விழும், திரும்பத் திறக்கலாம். கேர்னலுக்கு மேல் அதைக் காப்பாற்ற ஒருத்தரும் இல்லை. எல்லாச் செயலிகளுடைய நினைவகமும் அதன் கையில்தான் இருக்கு. நினைவகத்தின் எந்தப் பகுதியை யார் தொடலாம் என்று தீர்மானிப்பதே கேர்னல் செய்கிற நிறைவெண் ஒப்பீடுகள்தான். அந்த ஒப்பீடு பொய் சொன்னால், பாதுகாப்பு என்ற ஒன்றே இல்லை.

மைனஸ் ஒன்றுக்கு மூன்று விடை

எடுத்துக்காட்டுக்குத் தூரம் போகத் தேவையில்லை. எம்ஐடி படிப்பிப்பதற்காக எழுதிய எக்ஸ்வி6 கேர்னலை எடுங்கோ. உலகம் முழுக்க மாணவர்கள் வாசிக்கிற, உண்மையிலேயே அழகான, சின்ன நிரல். அதன் ரிஸ்க்-ஃபைவ் பதிப்பில் கோப்பை வாசிக்கிற பாதையைப் பின்தொடர்ந்து பாருங்கோ.

ரீட் சிஸ்டம் கோலுக்கு எத்தனை பைட் வேணும் என்ற எண் இன்ட் ஆக வருது. ஃபைல்ரீட் என்ற ஃபங்ஷனும் அதை இன்ட் ஆகவே வாங்குது. அது கூப்பிடுகிற ரீட்ஐ ஃபங்ஷனோ அதே எண்ணை அன்சைன்ட் ஆக வாங்குது. இடையில் "இது மறையா?" என்று கேட்கிற வரி இல்லை.

இப்ப ஒரு பயனர் நிரல் மைனஸ் ஒன்று பைட் வாசிக்கச் சொல்லிக் கேட்குது என்று வையுங்கோ. ரீட்ஐக்குள் அது 4,294,967,295 ஆகிவிடும். கோப்பின் தொடக்கத்தில் நின்று கேட்டால், "கோப்பு அவ்வளவு நீளமில்லை, இருக்கிறதைத் தாறன்" என்று முழுக் கோப்பையும் பயனரின் பஃபருக்குள் கொட்டும். 10 ஆவது பைட்டில் நின்று அதையே கேட்டால், பத்தோடு அந்தப் பெரிய எண்ணைக் கூட்ட 32 பிட் நிரம்பி வழிந்து 9 வரும். வழிதலைப் பிடிக்கிற சோதனை அங்கே இருக்கு, அதனால் பூச்சியம் திரும்பும். பூச்சியம் என்றால் "கோப்பு முடிஞ்சுது" என்று அர்த்தம். ஆனால் கோப்பு முடியவில்லை. மைனஸ் ஒன்று பைட் எழுதச் சொல்லிக் கேட்டால்? எழுதுகிற பாதையில் ஃபைல்ரைட் தன் கணக்கு முழுவதையும் இன்ட்டிலேயே வைத்திருக்கு. அதனால் சரியாக, பிழை என்று மைனஸ் ஒன்றைத் திருப்பி அனுப்பும்.

ஒரே பிழையான கேள்வி, மூன்று விதமான விடை. வகை மாறாத பாதை மட்டும் சரியான விடையைத் தந்தது. இதில் கேர்னலின் நினைவகத்துக்குப் பாதிப்பில்லை, பயனர் பக்கத்துக்கு எழுதும்போது தனியாக இன்னொரு சோதனை இருக்கு. ஆனால் அதே ரீட்ஐ ஃபங்ஷனில், எழுத முடியாமல் போனால் பிழையைக் குறிக்க மைனஸ் ஒன்றை வைப்பது ஒரு அன்சைன்ட் மாறிக்குள். திரும்பும்போது அது இன்ட் ஆக மாறுவதால் தற்செயலாகச் சரிவருது. தற்செயலாகச் சரிவருகிற நிரலைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை கேர்னல் எழுதப் பழகுது. "படிப்பிக்கிற நிரல்தானே, விடுங்கோ" என்று சொல்லுறவைக்கு என் பதில்: படிப்பிக்கிற நிரல் என்றபடியால்தான் விடமுடியாது.

பத்து பைட்டால் விழுந்த கோட்டை

இதே பிழை நிஜக் கேர்னலில் என்ன செய்யும்? 2021 ஜூலையில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் லினக்ஸ் கேர்னலில் ஒரு ஓட்டையை வெளியிட்டது. செக்குவோயா என்று பெயர் வைத்தார்கள். எந்தச் சிறப்பு அதிகாரமும் இல்லாத சாதாரணப் பயனர் ஒருவர் ரூட் ஆகலாம். உபுண்டு, டெபியன், ஃபெடோரா ஆகியவற்றின் அப்போதைய பதிப்புகள், ஒன்றும் மாற்றாமல் நிறுவினபடியே, பாதிக்கப்பட்டன.

நடந்தது இதுதான். ஒன்றுக்குள் ஒன்றாகக் கிட்டத்தட்ட பத்து லட்சம் கோப்புறைகளை உருவாக்கி, மொத்தப் பாதையின் நீளத்தை 1 ஜிபிக்கு மேல் கொண்டுபோக வேணும். அதை மவுன்ட் பண்ணி, அழித்துவிட்டு, மவுன்ட் விபரங்களைக் காட்டுகிற ப்ரொக் கோப்பை வாசிக்க வேணும். கேர்னல் அந்த விபரத்தை எழுத ஒரு பஃபர் எடுக்குது. இடம் போதாவிட்டால் இரட்டிப்பாக்குது, பிறகும் போதாவிட்டால் திரும்ப இரட்டிப்பாக்குது, கடைசியில் 2 ஜிபி. இதுவரை அந்த அளவு சைஸ்-டி என்ற 64 பிட் அன்சைன்ட் வகையில் இருக்கு. எல்லாம் சரி.

அடுத்த ஃபங்ஷன் அந்த அளவை இன்ட் ஆக வாங்குது. 2 ஜிபி என்பது 2,147,483,648. இன்ட்டின் உச்சத்தைவிட சரியாக ஒன்று கூட. அதனால் அது -2,147,483,648 ஆகிவிடும். பஃபரின் கடைசியிலிருந்து பின்நோக்கி எழுத வேண்டிய நிரல், பஃபர் தொடங்கும் இடத்துக்கும் 2 ஜிபி முன்னால் இருக்கிற நினைவகத்துக்குப் போய் நிற்குது. அங்கே "அழிக்கப்பட்டது" என்பதைக் குறிக்கிற 10 பைட் சொல்லை எழுத வேணும். எழுத முன்னம் சோதனை ஒன்றும் இருக்கு: மிச்ச இடத்தில் 10 ஐக் கழி, விடை மறையாக வந்தால் எழுதாதே. ஆனால் இன்ட்டின் அடிமட்ட எண்ணில் 10 ஐக் கழித்தால் மறுபக்கம் சுற்றி 2,147,483,638 வருது. நேர் எண். சோதனை "நிறைய இடம் இருக்கு, எழுது" என்று விடுது.

கேர்னல் நினைவகத்தில் இடம் தவறி எழுதப்பட்ட அந்தப் பத்து பைட்டை வைத்து ரூட் அதிகாரத்தை எடுத்துக் காட்டினார்கள். சோதனை எழுதியவர் கவனயீனமானவர் இல்லை. அவர் கேட்ட கேள்வி சரி. அந்தக் கேள்விக்கு உண்மையான விடை சொல்ல முடியாத வகையில் எண் வந்து சேர்ந்ததுதான் பிழை.

"வாசலில காவல் போட்டால் காணாதோ?"

எதிர்த்தரப்பின் மிகப் பலமான வாதம் இது, அதை மழுப்பாமல் எடுப்போம். பழைய டிரைவர்களும் கோப்பு முறைமைகளும் உள்ளுக்குள் இன்ட்டைப் பாவிப்பது லினக்ஸ் ஆக்களுக்கு நல்லாத் தெரியும். ஆயிரக்கணக்கான கோப்புகளைத் திருத்துவதற்குப் பதிலாக அவர்கள் வாசலில் ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். ரீட், ரைட் சிஸ்டம் கோல்களில் நீங்கள் எவ்வளவு கேட்டாலும், ஒரு தடவைக்கு 2,147,479,552 பைட்டுக்கு மேல் போகவிடாது. 64 பிட் கணினியிலும் இதுதான் எல்லை. உள்ளே இருக்கிற இன்ட்டுகள் வழியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

கெட்டித்தனமான ஏற்பாடுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் செக்குவோயா அந்த வாசலால் வரவில்லை. பயனர் கேட்டது சின்ன எண்ணாக இருக்கலாம். 2 ஜிபி என்ற எண்ணைக் கேர்னலே உள்ளுக்குள் இரட்டிப்பாக்கி இரட்டிப்பாக்கி உருவாக்கியது. வாசல் காவல்காரன் வீட்டுக்குள்ள பிறந்த கள்ளனை எப்பிடிப் பிடிக்கிறது?

இன்னொரு விசயமும் இருக்கு. 2014 வரை அந்த பஃபரை கேமல்லொக் என்ற வழியால் எடுத்தார்கள். அது சில மெகாபைட்டுக்கு மேல் தராது. அதனால் அளவு ஒருநாளும் 2 ஜிபியை எட்டவில்லை, இன்ட் உறங்கிக் கிடந்தது. 2014 இல் பெரிய பஃபர் கிடைக்காமல் வாசிப்புத் தோற்கிறது என்ற நியாயமான முறைப்பாட்டுக்காக, விமல்லொக் என்ற மாற்று வழியைச் சேர்த்தார்கள். நல்ல திருத்தம். ஆனால் யாரும் திட்டமிட்டு வைக்காத ஒரு காவல் அன்றைக்கு விலகிப்போனது. அந்தத் திருத்தம் செய்தவர் எத்தனையோ ஃபங்ஷன் தள்ளி ஒரு இன்ட் படுத்திருக்குது எண்டு எப்பிடி அறிவார்? வகை ஒரே சீராக இருந்திருந்தால் அவர் அறியத் தேவையே வந்திருக்காது. ஏழு வருசம் அந்த ஓட்டை திறந்து கிடந்தது.

லினக்ஸ் மட்டுமில்லை. 2002 இல் ஃப்ரீபிஎஸ்டி கேர்னலில் சொக்கெட் முகவரியைக் கேட்கிற சில சிஸ்டம் கோல்கள் பஃபரின் நீளத்தை சைன்ட் வகையில் வாங்கின. "நீளம் எல்லையைவிடப் பெரிதோ?" என்று மட்டும் சோதித்தன. பெரிய மறை எண்ணைக் கொடுத்தால் அது எல்லையைவிடச் சிறியதுதானே, சோதனை தாண்டிவிடும். பிறகு பிரதி எடுக்கும்போது அதே எண் பிரமாண்டமான நீளமாகி, கேர்னல் நினைவகத்தின் பெரும்பகுதி பயனர் கைக்கு வந்துவிடும். பத்தொன்பது வருச இடைவெளி, வேறு கேர்னல், அதே நோய்.

பெயர்ச் சண்டையும் லோங் சண்டையும்

வகையைப் பற்றிக் கதை எடுத்தால் சிலர் உடனே வேறொரு சண்டைக்குப் போவினம். யூ32 என்று எழுதுவதா, சி99 தந்த யூஇன்ட்32-டி என்று எழுதுவதா. இரண்டும் ஒன்றுதான். 32 பிட், அன்சைன்ட். லினக்ஸின் நடைக் கையேடு இதில் நிதானமாகச் சொல்லுது: இரண்டும் ஏற்கக்கூடியது, ஏற்கனவே இருக்கிற கோப்பைத் திருத்தும்போது அங்கே எது இருக்கோ அதைப் பின்பற்று. அவ்வளவுதான். பெயருக்காக மணிக்கணக்கில் சண்டை பிடிச்சுவிட்டு, யூ32 ஐ இன்ட்டுக்குள் போடுகிற வரியை ஒருத்தரும் பார்க்காமல் விடுகிற நிரல் மீளாய்வால் என்ன பிரயோசனம்?

சண்டை பிடிக்க வேணுமென்றால் லோங்கோடு பிடியுங்கோ. 64 பிட் லினக்ஸில் லோங் 64 பிட். 64 பிட் விண்டோஸில் லோங் 32 பிட். 32 பிட் லினக்ஸில் 32 பிட். கேர்னலுக்கும் பயனர் நிரலுக்கும் இடையில் கைமாறுகிற ஸ்ட்ரக்ட் ஒன்றுக்குள் லோங் போட்டால், 32 பிட் செயலி அனுப்புகிற ஸ்ட்ரக்டும் 64 பிட் கேர்னல் எதிர்பார்க்கிற ஸ்ட்ரக்டும் வேறு வேறு நீளம். இதைச் சரிக்கட்ட மட்டும் கேர்னலுக்குள் தனியாக மொழிபெயர்ப்பு நிரல் எழுத வேண்டியிருக்கு. எல்லையைத் தாண்டுகிற எதற்கும் அளவு பெயரிலேயே தெரிகிற வகை வேணும். உள்ளுக்குள் நினைவக முகவரியைப் பிடிக்க லினக்ஸ் அன்சைன்ட் லோங்கைப் பாவிப்பது வேறு கதை. அது எல்லாரும் உடன்பட்ட, எல்லா இடத்திலும் ஒரேமாதிரிப் பின்பற்றப்படுகிற வழக்கம். நான் கேட்பதும் அந்த ஒழுங்கைத்தான்.

நேரத்தைப் பாருங்கோ. 1970 இலிருந்து வினாடிகளை எண்ணுகிற டைம்-டி, 32 பிட் கணினிகளில் சைன்ட் 32 பிட். அது 2038 ஜனவரி 19, இலங்கை நேரம் காலை 8:44:07 க்கு உச்சத்தைத் தொட்டு, அடுத்த வினாடி 1901 ஆம் ஆண்டுக்குப் போய்விடும். ஓப்பன்பிஎஸ்டி 2014 இல் தன் 5.5 பதிப்பில் எல்லாக் கணினி வகைகளிலும் 64 பிட்டுக்கு மாறியது. லினக்ஸ் கேர்னல் 32 பிட் கணினிகளுக்கு இதைச் செய்து முடிக்க 2020 இன் 5.6 பதிப்பு வரை எடுத்தது. அதற்குப் பிறகும் 2024 இல் டெபியன் பெருந்தொகையான மென்பொருள் பொதிகளைத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. 1970களில் எடுத்த ஒரு வகைத் தெரிவின் கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறம்.

"எல்லாத்தையும் அன்சைன்ட் ஆக்கினால் சரியோ?"

இல்லை. இது மறுபக்கத்து மூடநம்பிக்கை. கேர்னலில் பிழைகளை மறை எண்ணாகத்தான் திருப்பி அனுப்புவார்கள். அந்த விடையை அன்சைன்ட் மாறியில் வாங்கிவிட்டு "பூச்சியத்தைவிடச் சிறியதா?" என்று கேட்டால், அந்த நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது. பிழை வந்தது தெரியாமலே நிரல் போய்க்கொண்டிருக்கும். கீழ்நோக்கி எண்ணுகிற லூப்பில் அன்சைன்ட் போட்டால் லூப் முடியவே முடியாது. எது மறையாக வரலாமோ அது சைன்ட், எது வரவே முடியாதோ அது அன்சைன்ட். நினைவகத்தில் இருக்கிற ஒன்றின் அளவு என்றால் சைஸ்-டி, அளவு அல்லது பிழை என்று இரண்டில் ஒன்று வரலாம் என்றால் எஸ்சைஸ்-டி. பொருளைப் பார்த்து வகை, பழக்கத்தைப் பார்த்து இல்லை.

எண் சுற்றிவரத்தான் செய்யும் என்றால் அதையும் ஒழுங்காகச் செய்யலாம். கேர்னல் தொடங்கியதிலிருந்து டிக்குகளை எண்ணுகிற ஜிஃபீஸ் என்ற மாறி, வினாடிக்கு 1000 டிக் வைத்தால், 32 பிட்டில் 49.7 நாளில் சுற்றிவிடும். விண்டோஸ் 95, 98 இரண்டும் 49.7 நாள் தொடர்ந்து ஓடினால் தொங்கிப்போகும் என்று மைக்ரோசொஃப்டே ஒப்புக்கொண்டது. லினக்ஸ் என்ன செய்தது? ஜிஃபீஸைப் பூச்சியத்தில் தொடங்காமல், 32 பிட்டில் ஐந்து நிமிசத்தில் சுற்றிவருகிற மாதிரி ஒரு எண்ணில் தொடங்கியது. பிழையாக ஒப்பிடுகிற டிரைவர் 49 நாள் ஒளித்திருக்க முடியாது, ஐந்தாவது நிமிசமே பிடிபடும். ஒப்பிடுவதற்கென்று டைம்-ஆஃப்டர் போன்ற மக்ரோக்களையும் கொடுத்தது. வகை மாற்றம் அந்த ஒரு இடத்தில், எல்லாரும் பார்க்கிறபடி நடக்குது.

எச்சரிக்கைச் சத்தமும் காஸ்ட் மருந்தும்

"சைன்ட்டையும் அன்சைன்ட்டையும் ஒப்பிட்டால் கொம்பைலர் எச்சரிக்கை தருமே" என்று கேட்பீங்கள். தரும், கேட்டால். லினக்ஸின் சாதாரணக் கட்டமைப்பில் அந்த எச்சரிக்கை ஓடாது, ஏனெண்டால் ஓடவிட்டால் ஆபத்தில்லாத வரிகளுக்கும் சேர்த்து வெள்ளமாய்க் கொட்டும். லினஸ் டோர்வால்ட்ஸ் அந்த எச்சரிக்கையை வெளிப்படையாகவே விரும்பாதவர். அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கு. சத்தம் கூடினால் ஆக்கள் வாயடைக்கத்தான் பார்ப்பினம், அதற்குக் கையிலிருக்கிற மருந்து காஸ்ட். அடைப்புக்குறிக்குள் வகையைப் போட்டால் எச்சரிக்கை நின்றுவிடும், பிழை அப்படியே இருக்கும். முந்தி சந்தேகமாவது இருந்தது, இப்ப அதுவும் இல்லை.

ஆனால் அந்த வெள்ளம் ஏன் வந்தது? முப்பது வருசமாக வகைகளைக் கலந்ததால் வந்தது. பழைய பெரிய நிரலுக்கு அவருடைய நியாயம் பொருந்தும். இன்றைக்குப் புதுசாகத் தொடங்குகிற உங்கட டிரைவருக்கு, உங்கட லாப் கேர்னலுக்கு அது பொருந்தாது. முதல் நாளே எச்சரிக்கையைத் திறந்துவிட்டால் வெள்ளம் வராது, ஒவ்வொரு துளியாகத்தான் வரும். 2022 டிசம்பரில் 6.1 பதிப்போடு லினக்ஸுக்குள் வந்த ரஸ்ட் மொழி இதைத்தான் கட்டாயமாக்குது: யூ32 ஐ யூ64 உடன் கூட்டக்கூட விடாது, மாற்றத்தை நீயே எழுது என்கும். அங்கேயும் "ஆஸ்" என்ற சொல்லைப் போட்டு உயர் பிட்டுகளைச் சத்தமில்லாமல் வெட்டலாம்தான். ஆனால் வெட்டின இடம் நிரலில் எழுதியிருக்கும், மீளாய்வு செய்பவர் விரல் வைத்துக் கேட்கலாம்.

இதைச் செய்ய ரஸ்ட் வரும் வரைக்கும் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு அளவுக்கு ஒரு வகை. வாசலில் சோதனை, ஆனால் வாசலை மட்டும் நம்பாதே. எல்லை தாண்டுகிற ஸ்ட்ரக்டில் லோங் வேண்டாம். கூட்டும்போதும் பெருக்கும்போதும் வழிதலைப் பிடிக்க லினக்ஸே செக்-ஆட்-ஓவர்ஃப்ளோ போன்ற மக்ரோக்களைத் தந்திருக்கு, பாவியுங்கோ. காஸ்ட் எழுதினால், ஏன் அது பாதுகாப்பானது என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கோ. எழுத முடியாவிட்டால் அந்தக் காஸ்ட் அங்கே இருக்கக்கூடாது.

உங்கட கையில் இருக்கிற அன்ட்ரொயிட் போனுக்குள் ஓடுவதும் லினக்ஸ் கேர்னல்தான். உங்கட படமும் குறுஞ்செய்தியும் வங்கிச் செயலியும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது, யாரோ ஒருத்தர் ஒரு மாறிக்குச் சரியான வகை போட்டார் என்ற நம்பிக்கையில்தான். நாளைக்கு அந்த ஒருத்தர் நீங்களாக இருக்கலாம். அதற்கு முன்னம், இந்தக் கிழமை எக்ஸ்வி6 ஐ இறக்கி, ஒரு கோப்பைத் திறந்து, மைனஸ் ஒன்று பைட் வாசிக்கச் சொல்லுங்கோ. பத்து பைட் வாசித்துவிட்டுத் திரும்பவும் சொல்லுங்கோ. வந்த விடை இரண்டையும் "இன்ட் காணும்" எண்டு சொன்ன அந்த மச்சானுக்கு அனுப்பிவிடுங்கோ.